பரிசோதனைக்குப் போனால் பேர் உண்டா?

காய்ச்சல் கண்டவன் பரிசோதனைக்குப் போக வேண்டும் என்பது மருத்துவம். பரிசோதனைக்குப் போனவனுக்கு அன்று பேர் உண்டா என்பது தோட்டம். கொரோனாக் காலம் முழுவதும் சப்ரகமுவத் தோட்டங்களில் இவ்விரண்டும் நேருக்கு நேர் நின்றன. வென்றது எது என்பதை எட்டியாந்தோட்டையிலிருந்து இறக்குவானை வரையுள்ள எந்த லயத்திலும் கேட்டறியலாம்.

2020ஆம் ஆண்டு மார்ச் மாதம் நாடெங்கும் ஊரடங்கு பிறந்தது. கடைகள் மூடின, கந்தோர்கள் மூடின, நீதிமன்றங்களும் பெரும்பாலும் ஓய்ந்தன. கொழுந்து மட்டும் ஓயவில்லை. தேயிலைத் தொழிலுக்கு விதிவிலக்கு அளிக்கப்பட்டது. நாட்டுக்கு அந்நியச் செலாவணி வேண்டும் என்றார்கள். வேண்டியதுதான், மறுப்பாரில்லை. ஆனால் ஒரு தொழிலாளியை அத்தியாவசியமானவன் என்று அழைத்து மலைக்கு அனுப்பும் அரசு, அவனுக்குரிய பரிசோதனையையும் அத்தியாவசியமாக்கியிருக்க வேண்டாமா? அவன் பறிக்கும் கொழுந்துக்குக் காட்டிய அவசரத்தை அவன் மூச்சுக்கும் காட்டியிருக்க வேண்டாமா?

பி.சி.ஆர். பரிசோதனை அரசாங்கத்தால் இலவசமாகவே செய்யப்பட்டது. அதனை நாம் மறைக்கவில்லை. சுகாதார வைத்திய அதிகாரிகளும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களும் இரவு பகலாக உழைத்ததையும் நாம் அறிவோம். ஆயினும் அப்பரிசோதனை, தொற்றாளரோடு பழகியவர் என்று பட்டியலில் ஏறியவரைத் தேடி வந்ததேயன்றி, இருமிக்கொண்டிருந்தவர் தாமே தேடிச் செல்லக்கூடிய தூரத்தில் இருக்கவில்லை. தனியாரிடம் செய்துகொள்ளலாமே என்பீர்கள். 2021 ஆகஸ்டில் அரசு விதித்த உச்ச விலை பி.சி.ஆருக்கு 6,500 ரூபா, அன்டிஜனுக்கு 2,000 ரூபா. அதே ஆண்டு மார்ச்சில்தான், நெடும் போராட்டத்துக்குப் பின், நாட்கூலி 1,000 ரூபா என்று வர்த்தமானி வெளிவந்தது; அதையும் எதிர்த்துக் கம்பனிகள் நீதிமன்றப் படியேறின. ஆறரை நாள் கொழுந்து, மூக்கில் ஒரு குச்சி நுழைவதற்கு!

பணம் ஒருபுறம் இருக்கட்டும். பயம் அதனினும் பெரிது. அந்நாட்களில் ஒரு தோட்டத்துத் தாய் எம்மிடம் ஒரு கடிதத்தைக் கொண்டுவந்தார். அவருடைய மகனுக்குத் தொற்று உறுதியானதால் வீட்டார் அனைவரும் பதினான்கு நாள் வெளியேறக்கூடாது என்பது அதன் சாரம். முழுவதும் சிங்களத்தில் இருந்தது. அதனை அவர் வேலைநீக்கக் கடிதம் என்றே எண்ணி, இரண்டு நாள் அழுதுவிட்டு, பக்கத்து வீட்டுப் பிள்ளை மூலம் அனுப்பாமல் தாமே அதை எடுத்துக்கொண்டு எம்மிடம் புறப்பட்டு வந்திருந்தார்! தனிமைப்படுத்தல் கட்டளையே தனிமைப்படுத்தலை மீறச் செய்தது. சிரிப்பதா, சினப்பதா?

1987இன் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரச கரும மொழி என்றது. சிங்களம் நிருவாக மொழியாக உள்ள இடத்திலும் குடிமகன் அலுவலரோடு தமிழில் தொடர்புகொள்ளவும் தமிழில் பதில் பெறவும் உரித்துடையவன் என்று அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை கூறுகிறது. கொள்ளைநோய் வந்தால் அந்த உறுப்புரை உறங்கவேண்டும் என்று எங்கும் எழுதப்படவில்லை. நுவரெலியாவிலாவது தமிழ் தெரிந்த அலுவலர் அகப்படுவார். இரத்தினபுரியிலும் கேகாலையிலும் சிறுபான்மைக்குள் சிறுபான்மையாய்ச் சிதறிக் கிடக்கும் எம்மவர் நிலை என்ன?

இனி, தொற்று உறுதியானவர் எங்கே தனித்திருப்பது? பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் ஆறு உயிர்கள். ஒரே கூரை, ஒரே வாசல், லயத்துக்கெல்லாம் ஒரு குழாய். 2020 அக்டோபரில் தனிமைப்படுத்தல் சட்டத்தின் கீழ் வந்த விதிகள் முகக்கவசம், ஒரு மீற்றர் இடைவெளி, வேலைத்தளத்தில் உடல்வெப்பம் அளத்தல் என்றெல்லாம் கட்டளையிட்டன. நல்ல விதிகள். பரிசோதனை நாளின் கூலி பற்றி அவற்றில் ஒரு சொல் இல்லை. அந்தச் சொல் இல்லாதவரையில் காய்ச்சல் மாத்திரையை விழுங்கிவிட்டுப் பிரட்டுக்கு நிற்பவனைக் குற்றவாளி என்று அழைக்க எமக்கு மனம் வரவில்லை.

முடியாத காரியமா இது? மண்டபம் முகாமை நினைத்துப் பாருங்கள். எம் பாட்டன்மாரைக் கப்பலேற்றுமுன் அங்கே நாட்கணக்கில் நிறுத்தி, அம்மை குத்தி, கொக்கிப்புழுவுக்கு மருந்து கொடுத்து, துணியையும் நோய்நீக்கம் செய்தே அனுப்பினார்கள். கருணையினால் அன்று, தோட்டத்துக்கு நோயற்ற கை வேண்டும் என்பதனால். ஆட்சிக்குத் தேவைப்பட்டபோது ஒரு தலைகூடத் தப்பாமல் பரிசோதிக்கும் வழி தெரிந்திருந்தது. 1872இலேயே தோட்டத் தொழிலாளர் மருத்துவத்துக்கெனச் சட்டமும் வந்தது.

1934, 35ஆம் ஆண்டுகளில் மலேரியா இத்தீவில் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் குடித்தபோது மிகவும் அடிபட்ட மாவட்டங்களுள் கேகாலையும் ஒன்று. அன்று சூரியமல் இயக்கத்தார், டாக்டர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் என். எம். பெரேராவும் உள்ளிட்டோர், நோயாளி வரட்டும் என்று காத்திராமல் கிராமங்களுக்குள் மருந்தோடும் உணவோடும் நுழைந்தனர். 1936இல் ருவன்வெலைத் தொகுதி பெரேராவைச் சட்டசபைக்கு அனுப்பியது. வாக்குக் கேட்க மட்டும் மலையேறும் இன்றைய தலைவர்களுக்கு, எம் கட்சியினர் உட்பட, இவ்வரலாறு தெரியாததன்று.

கொரோனா தணிந்துவிட்டது, பழங்கதை எதற்கு என்று கேட்பாருண்டு. எலிக்காய்ச்சலும் டெங்குவும் தணியவில்லை. எலிக்காய்ச்சலுக்குப் பேர்போன மாவட்டம் இரத்தினபுரி. சேற்றில் நிற்கும் தொழிலாளிக்கு முதல் நாட்களிலேயே நோய் அறியப்பட்டால் உயிர் பிழைக்கும். பிந்தினால் சிறுநீரகம் போகும். ஆகவே நாம் கேட்பது புதுமையானதன்று. ஒவ்வொரு தோட்ட மருந்தகத்திலும் குறித்த நாளில் இரத்த மாதிரி எடுக்கப்பட்டு அரச வைத்தியசாலைக்குச் செல்லட்டும். முடிவு தமிழில் எழுதித் தரப்படட்டும். பரிசோதனை நாளுக்கு முழுப்பேர் போடப்படவேண்டும் என்பது அடுத்த கூலி ஒப்பந்தத்தில் ஒரு வாசகமாக ஏறட்டும்; ஒப்பந்தம் இல்லையேல் சம்பள நிர்ணயச் சபையின் கட்டளையில் ஏறட்டும். அதற்கான வரைவை எழுதிக்கொடுக்க நாம் ஆயத்தமாயிருக்கின்றோம்.

அதுவரையில் வாசகர் ஒன்று செய்யலாம். இம்மாதம் உங்கள் தோட்டத்தில் காய்ச்சலுக்காக வைத்தியசாலை சென்றவரின் பெயருக்கு நேரே அன்றைய செக்ரோலில் முழுப்பேரா, அரைப்பேரா, வெற்றிடமா என்று பார்த்து எமக்கு எழுதுங்கள்.