‘மாற்றியாயிற்று’ என்று சொல்லாதீர்கள்

சென்ற மாதம் தாயொருவர் என்னைத் தேடி வந்திருந்தார். 2006ஆம் ஆண்டு மூதூர் கிழக்கிலிருந்து மக்கள் இடம்பெயர்ந்து மட்டக்களப்புப் பக்கம் வந்த வேளையில், எமது செய்தியாளர் எடுத்த படமொன்றில் அவருடைய மகன் நின்றதாக யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். மகன் பின்னர் காணாமற்போனார். “அண்டைக்கு அவன் உயிரோட நிண்டவன் எண்டதுக்கு அந்தப் படம் ஒண்டுதான் ஐயா சாட்சி” என்றார். அந்தப் படம் எனக்கு நினைவிருந்தது. அதற்கான குறிப்பை எழுதியவன் நானே. பக்கத்தில் இடம் போதாமையால் அது அச்சேறவில்லை. ஆயினும் படப்பிரிவின் கணினியில் சேமிக்கப்பட்டது என்பது எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

முன்னர் நான் பணியாற்றிய அந்தக் காரியாலயத்துடன் தொலைபேசியில் பேசினேன். கணினிப் பிரிவில் இருந்த இளைஞர் மிகுந்த மரியாதையோடு பதில் சொன்னார். “சேர், பழைய சேர்வரைக் கழட்டிக் குடுத்தாச்சு. எல்லாம் புதிசுக்கு மாத்தியாச்சு. பழைய படங்கள் எல்லாம் ரேப்பில இருக்கு. ஆனா எந்த ரேப்பில எது இருக்கெண்டு இப்ப சொல்ல ஏலாது.”

எல்லாம் மாற்றியாயிற்று, ஆனால் எது எங்கே என்று தெரியாது. இந்த இரண்டு வாக்கியங்களையும் ஒரே மூச்சில் சொல்லக்கூடிய நிலைக்கு நமது நிறுவனங்கள் வந்துவிட்டன. இவை ஒன்றையொன்று மறுக்கின்றன என்பதுகூட எவருக்கும் உறைக்கவில்லை. அந்த இளைஞர் மீது எனக்குக் கோபமில்லை. அவர் வேலைக்குச் சேர்ந்ததே இந்த மாற்றம் முடிந்த பின்னர்தான். என் கோபம், ஒரு சனி ஞாயிறுக்குள் இதை முடித்துத் தாருங்கள் என்று உத்தரவிட்டவர்கள் மீதும், முடித்துவிட்டோம் என்று கைச்சாத்திட்டுப் பணம் பெற்றுச் சென்றவர்கள் மீதும்தான்.

விடயத்தைச் சற்று விளக்க வேண்டும். பெரிய அளவில் கோப்புகளைச் சேமிக்கும் இடங்களில் அவற்றை நிர்வகிப்பதற்கென்றே தனியான மென்பொருள் இருக்கும. எந்தக் கோப்பு, எந்தத் திகதியில், எந்த வன்தட்டில் அல்லது எந்தக் காந்த நாடாவில், எத்தனையாவது இடத்தில் எழுதப்பட்டது என்ற அட்டவணையை அது தனக்குள் வைத்திருக்கும். நாடா என்பது புத்தகம் என்றால், இந்த அட்டவணைதான் நூலகத்தின் அட்டைப் பெட்டி. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. அட்டைப் பெட்டி தொலைந்தாலும் நூலகத்துக்குள் நடந்து சென்று முதுகெழுத்துகளை வாசித்துப் புத்தகத்தைத் தேடிவிடலாம். காந்த நாடாவுக்கு முதுகெழுத்து இல்லை.

சில மென்பொருள்களில் நாடாக்களை ஒவ்வொன்றாக ஓடவிட்டு அட்டவணையை மீண்டும் கட்டியெழுப்பலாம். நாட்கணக்கில், வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். சிலவற்றில் அந்த வழியும் கிடையாது. டிவோலி ஸ்டோரேஜ் மனேஜர் என்று நீண்டகாலம் அறியப்பட்டு, இன்று ஸ்டோரேஜ் புரொடெக்ட் என்ற பெயரில் வழங்கும் ஐ.பி.எம். மென்பொருள் அத்தகையது. அதன் தரவுத்தளம் போய்விட்டால், நாடாக்கள் கையிலிருந்தும் பயனில்லை. ஆகவேதான் புதிய சேர்வருக்கு அதைக் கொண்டுசெல்வோர் தரவுத்தளத்தின் காப்பு நகலோடு, எந்தெந்த நாடா எதற்குப் பயன்பட்டது என்ற வரலாற்றுக் கோப்பு, கருவிகளின் விபரக் கோப்பு, மறைகுறியாக்கச் சாவி ஆகியவற்றையும் தவறாமல் எடுத்துச் செல்ல வேண்டும் என்பது அதன் அரிச்சுவடி. வேறுவகை இயங்குதளத்துக்கு மாறுவதாயின் தரவுத்தளத்தை அப்படியே தூக்கி வைக்கவும் இயலாது. ஏற்றுமதி செய்தோ, இரு சேர்வர்களையும் சமகாலத்தில் ஓடவிட்டுப் பிரதிசெய்தோதான் மாற்ற வேண்டும். அதாவது பழைய சேர்வர் உயிரோடு இருக்க வேண்டும்.

நான் குறிப்பிட்ட காரியாலயத்தில் வேறு மென்பொருளே இருந்தது. ஆனால் நடந்தது இதுதான்: புதிய சேர்வரில் புதிய மென்பொருளை வெறுமையாக நிறுவினார்கள். அன்றாடப் பக்கங்களையும் அண்மைய ஆண்டுகளின் கோப்புகளையும் மட்டும் பிரதிசெய்தார்கள். பழைய அட்டவணையைப் பற்றி எவரும் கேட்கவில்லை. பழைய இயந்திரம் பழைய இரும்பு விலைக்குப் போயிற்று. அதனோடு நாடாவை வாசிக்கும் கருவியும் போயிற்று. இப்போதுள்ள கருவி எல்.ரி.ஓ. எட்டாம் தலைமுறை. அது தன் தலைமுறையையும் அதற்கு முந்திய ஏழாம் தலைமுறையையும் மட்டுமே வாசிக்கும். அலுமாரியில் இருப்பவையோ மூன்றாம் தலைமுறை நாடாக்கள். பூட்டும் இருக்கிறது, பெட்டியும் இருக்கிறது. சாவியைக் காயலான் கடைக்குக் கொடுத்துவிட்டோம்.

அங்கே நூலகராக இருந்த ஒருவர், கணினியை அவ்வளவாக நம்பாதவர், ஒவ்வொரு நாடாவின் இலக்கத்தையும் உள்ளடக்கத்தையும் சீ.ஆர். கொப்பியொன்றில் பேனையால் எழுதி வந்தார். அன்று அவரை நாங்கள் பகிடி பண்ணியதுண்டு. அந்தக் கொப்பி இன்னும் இருக்கிறது. இருபது வருடங்களுக்குப் பின்னர் பயன்படக்கூடிய ஒரே அட்டவணையும் அதுவே. ஆனால் அவர் 2005ஆம் ஆண்டின் இறுதியில் ஓய்வுபெற்றார். கொப்பி அங்கே நின்றுவிடுகிறது. அந்தத் தாய் தேடி வந்த படமோ 2006ஆம் ஆண்டினது.

‘இது தொழில்நுட்ப விடயம், உங்களுக்கு ஏன் இந்த வேலை?’ என்று என்னைக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சில சம்பவங்களை நினைவூட்டுகிறேன்.

மைஸ்பேஸ் என்ற இணையத்தளம் ஒருகாலத்தில் உலகின் இளம் இசைக்கலைஞர்களின் வீடாக இருந்தது. 2003 முதல் 2015 வரை அங்கு ஏற்றப்பட்ட பாடல்கள் சேர்வர் மாற்றத்தின்போது அழிந்துவிட்டன என்பது 2019 மார்ச் மாதத்தில் உலகுக்குத் தெரியவந்தது. ஏறத்தாழ 1 கோடியே 40 இலட்சம் கலைஞர்களின் 5 கோடிக்கும் மேற்பட்ட பாடல்கள் என்று மதிப்பிட்டார்கள். சில வருடங்களுக்கு முன்னர் ஆய்வாளர் குழுவொன்று தற்செயலாகப் பிரதிசெய்து வைத்திருந்த சுமார் 4 இலட்சத்து 90 ஆயிரம் பாடல்கள் மட்டுமே பின்னர் மீண்டன. நூற்றுக்கு ஒன்று! அதுவும் அந்த நிறுவனத்தின் முயற்சியால் அல்ல.

2017 ஜனவரி 31ஆம் திகதி கிட்லாப் நிறுவனத்தில் பொறியியலாளர் ஒருவர் தவறுதலாகப் பிரதான தரவுத்தளத்தை அழித்துவிட்டார். பதற்றப்படாமல் காப்பு நகல்களைத் தேடினார்கள். ஐந்து விதமான ஏற்பாடுகள் இருந்தும் ஒன்றும் ஒழுங்காக வேலை செய்திருக்கவில்லை. தரவுத்தளம் 9.6ஆம் பதிப்பில் ஓட, நகல் எடுக்கும் கருவி 9.2ஆம் பதிப்பில் நின்றது. ஆகவே ஒவ்வொரு நாளும் மௌனமாகத் தோற்றுக்கொண்டிருந்தது. தோற்றுவிட்டேன் என்று அது அனுப்பிய மின்னஞ்சல்களும் போய்ச் சேரவில்லை. வேறொரு தேவைக்காக ஆறு மணித்தியாலங்களுக்கு முன்னர் ஒருவர் கையால் எடுத்து வைத்த நகல்தான் அவர்களைக் காப்பாற்றியது. அந்த நிறுவனம் இவை அனைத்தையும் ஒளிக்காமல் எழுதி வெளியிட்டது. நமது நிறுவனங்களில் எத்தனை அவ்வாறு எழுதும்?

எங்கள் நாட்டுக்கு வருவோம். 2023 ஆகஸ்ட் மாத இறுதியில் இலங்கை அரச மேகக் கணிமை மீது கப்பத் தாக்குதல் நடந்தது. அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறத்தாழ 5,000 மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான கடிதங்கள் மீளவில்லை. அக்காலத்துக்குப் பாதுகாப்பான காப்பு நகல் இருக்கவில்லை. அங்கே ஓடிக்கொண்டிருந்தது 2013ஆம் ஆண்டின் பழைய மென்பொருள். 2021இலேயே புதியதற்கு மாற எண்ணியும் நிதிப் பற்றாக்குறை முதலிய காரணங்களால் பிற்போடப்பட்டது என்று விளக்கம் தரப்பட்டது. ஒரு நாட்டின் அரசாங்கம் மூன்று மாதங்களுக்கு மேற்பட்ட காலம் தனக்குத்தானே எழுதிக்கொண்டதை இழந்தது. இரண்டொரு நாள் செய்தியாக வந்தது; பின்னர் மறந்துபோனோம்.

ஆகவே நான் மாற வேண்டாம் என்று சொல்லவில்லை. மாறாமல் இருப்பதன் தண்டனையும் கொடியது. பிரித்தானிய நூலகத்தின் மீது 2023 ஒக்டோபரில் தாக்குதல் நடந்தபோது அதன் இலக்கமுறைச் சேகரிப்புகளின் நகல்கள் பத்திரமாகவே இருந்தன. ஆனால் அவற்றை ஏற்றுவதற்கு உரிய கட்டமைப்பு இருக்கவில்லை. பழைய மென்பொருள்கள் சில புதிய சேர்வர்களில் இயங்கவே மாட்டா என்ற நிலை. 2024 மார்ச்சில் அந்த நூலகமே வெளியிட்ட அறிக்கை இதை ஒப்புக்கொள்கிறது. பொருள் இருந்தது, வழி இல்லை. எமது அலுமாரி நாடாக்களின் கதையும் அதுதானே!

‘எங்களிடம் பணம் இல்லை’ என்பது அடுத்த சமாதானம். தென்கொரியா பணமில்லாத நாடா? 2025 செப்டெம்பர் 26ஆம் திகதி டேஜோன் நகரிலுள்ள அரச தரவு நிலையத்தில் மின்கலங்களை இடம்மாற்றும்போது தீ பிடித்தது. அரச ஊழியர்களின் கோப்புகள் 858 டெராபைட் அழிந்தன. ‘மிகப் பெரியதாகையால் வெளியிடத்தில் நகல் வைக்கவில்லை’ என்றார்கள். பணம் இருப்பவனும் இழக்கிறான். ஆகவே இது அக்கறை பற்றிய கேள்வி. ஒரு சீ.ஆர். கொப்பியின் விலை என்ன?

தமிழ்ப் பத்திரிகைகளுக்கு இன்னொரு தனிச்சிக்கலும் உண்டு. நாம் பல்லாண்டுகள் பாமினி போன்ற எழுத்துருக்களில்தான் தட்டெழுதினோம். அந்த எழுத்துரு இல்லாத புதிய கணினியில் கோப்பு திறக்கும். ஆனால் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் சிதறிய குப்பையாகத் தெரியும். ஒரு பெயரைத் தேடினால் ஒன்றும் அகப்படாது. பட இலக்கத்தையும் படத்திலுள்ளவரின் பெயரையும் இணைப்பது அந்தக் குறிப்புக் கோப்பு ஒன்றே. அது பாமினியில் இருக்கிறது என்பதை அறியாத ஒருவர், பழுதான கோப்பு என்று எண்ணி அழித்துவிட்டால், படம் மிஞ்சினாலும் மனிதன் தொலைந்துவிடுகிறான். இப்படி அழிக்கப்பட்ட கோப்புகளை என் கண்ணாலேயே கண்டிருக்கிறேன். சேர்வரை மாற்றும் ஒப்பந்தக்காரருக்கு இது தெரியாது. தெரிந்தவரை அவர்கள் அந்த அறைக்குள் அழைப்பதும் இல்லை.

‘அச்சான பத்திரிகைதான் தேசிய சுவடிகள் திணைக்களத்தில் இருக்கிறதே’ என்பார்கள். அச்சானது இருக்கலாம். அச்சாகாத படங்கள், வெட்டப்பட்ட செய்திகள், பெயர் போடாமல் வைத்த குறிப்புகள் எங்கே இருக்கின்றன? போர்க்காலத்தில் நாம் அச்சிட்டவற்றைவிட அச்சிட முடியாதவையே அதிகம் என்பதை அக்காலப் பத்திரிகையாளர் எவரும் மறுக்க மாட்டார்.

1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டதை, ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலானதை, ஒவ்வொரு வருடமும் நினைவுகூர்கிறோம். அதே நாட்களில் ஈழநாடு பத்திரிகைக் காரியாலயமும் தீக்கிரையானது. நினைவுகூரத்தான் வேண்டும். தீ வைப்பதும் கவனமின்றித் தொலைப்பதும் ஒரே குற்றம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் இழந்த பின்னர் தேடி வருகின்ற ஒரு தாய்க்கு, இரண்டுக்கும் வேறுபாடு என்னவென்று நாம் எப்படி விளங்கப்படுத்துவது? எரித்தவர்களிடம் கணக்குக் கேட்கும் நாம், தொலைத்த எங்களிடமும் கணக்குக் கேட்க வேண்டாமா?

ஆகவே பத்திரிகை உரிமையாளர்களுக்கும், பல்கலைக்கழகங்களுக்கும், ஆவணங்களை வைத்திருக்கும் எல்லா நிறுவனங்களுக்கும் சொல்கிறேன். பழைய சேர்வரையும் அதன் வாசிப்புக் கருவியையும், புதியதிலிருந்து மீட்டுப் பார்த்துத் திருப்தி கொள்ளும்வரை கழற்றாதீர்கள். மாற்றத்துக்கு முன் எத்தனை கோப்புகள், பின் எத்தனை என்று எண்ணுங்கள்; ஒவ்வொரு கோப்பும் ஓர் எழுத்தும் மாறாமல் வந்ததா என்பதை ஒப்பிட்டுக் காட்டும் வசதி எந்தக் கணினியிலும் உண்டு. அட்டவணையை வேறு இரண்டு இடங்களில் வையுங்கள்; முடிந்தால் கடதாசியிலும் அச்சிடுங்கள். பாமினிக் கோப்புகளை யூனிகோட்டுக்கு மாற்றுங்கள்; மூலத்தைத் தொடாமல் பக்கத்திலேயே வையுங்கள். இணையத்தோடு தொடுக்கப்படாத ஒரு நகலை வேறோர் ஊரில் வையுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, சோதனையை ஒப்பந்தக்காரரிடம் விடாதீர்கள். ஆசிரியபீடத்திலிருந்து பழைய ஆள் ஒருவர் வந்து, தாம் நினைத்த ஒரு திகதியைச் சொல்லட்டும். “2006 இறுதியில் எடுத்த இன்ன படத்தை எடுத்துத் தாருங்கள்” என்று கேட்கட்டும். படம் கையில் வந்த பின்னர் காசோலையில் கைச்சாத்திடுங்கள். அதுவரை ‘மாற்றியாயிற்று’ என்ற சொல்லை உச்சரிக்க எவருக்கும் உரிமையில்லை.

அந்தத் தாயிடம் கொஞ்சக் காலம் பொறுக்கச் சொல்லியிருக்கிறேன். பழைய மூன்றாம் தலைமுறை நாடாக்களை வாசிக்க மூன்று, நான்கு, ஐந்து ஆகிய தலைமுறைக் கருவிகளில் ஏதாவதொன்று போதும். அத்தகைய கருவி யாரிடமாவது பாவனையின்றிக் கிடந்தால் எறிந்துவிடாதீர்கள். எனக்கு அறியத் தாருங்கள். அலுமாரியில் இருக்கும் நாடாக்களை முதலிலிருந்து கடைசிவரை ஒவ்வொன்றாக ஓடவிட்டுப் பார்க்கிறேன் என்று அந்த இளைஞர் சொல்லியிருக்கிறார். யாரும் அவரிடம் கேட்காத வேலை அது.