விடுபட்ட பாடங்களை யார் நடத்துவது?

பாடச்சுமையைக் குறைப்பதாகக் கூறி என்சிஇஆர்டி 2022-இல் செய்த சுருக்கத்தில், 11-ஆம் வகுப்பு வேதியியலின் 'பருப்பொருளின் நிலைகள்', 12-ஆம் வகுப்பின் 'திடநிலை' ஆகிய பாடங்கள் முழுமையாக நீக்கப்பட்டன. கரோனா காலத்தில் பள்ளிகள் மூடிக் கிடந்ததைக் கருதினால் அதற்கு ஓரளவு நியாயம் இருந்தது. வகுப்புகள் வழக்கம்போல் நடக்கத் தொடங்கிய பின்னர், 2023-இல் புத்தகங்களிலிருந்தே அவற்றை எடுத்தது சரியல்ல.

கல்லூரியில் இயற்பியல் வேதியியல் பெரும்பாலும் வாயுக்களில்தான் தொடங்குகிறது. நல்லியல்பு வாயுச் சமன்பாட்டையே அறியாமல் வரும் மாணவனிடம், வாண்டர்வால்ஸ் அதில் செய்த திருத்தங்களை எப்படி விளக்குவது? அழுத்தத்துக்கு ஒன்று, கன அளவுக்கு ஒன்று என அவன் மனப்பாடம் செய்துகொள்வான், வேறு வழியில்லை. மத்தியப் பல்கலைக்கழகங்களில் சேர 2022-இல் அறிமுகமான பொது நுழைவுத் தேர்வோ, நான்கு விடைகளில் ஒன்றைக் குறிக்கச் சொல்வதோடு நின்றுவிடுகிறது.

முதல் பருவத்தின் தொடக்க வாரங்களை விடுபட்ட பாடங்களுக்கென பல்கலைக்கழகங்கள் ஒதுக்க வேண்டும். அதையும் கரும்பலகையோடு முடித்துவிடக் கூடாது. 5.85 கிராம் சமையல் உப்பைத் தானே நிறுத்து, நீரில் கரைத்து, கரைசலை ஒரு லிட்டராக்கிப் பார்த்த மாணவனுக்கு 0.1 மோலார் என்பது வெறும் எண்ணாக இராது. இதற்குத் தேவை ஒரு தராசும் ஒரு குடுவையும்தான்.