கிணற்றில் மிதக்கும் எண்ணெயும் நம் மீதுள்ள அமானிதமும்



ஹனஃபி ஃபிக்ஹு நூல்களில் கிணற்றைத் தூய்மைப்படுத்துவது குறித்துத் தனிப் பாடமே உண்டு. எலி விழுந்து இறந்தால் 20 முதல் 30 வாளி நீரும், கோழியோ பூனையோ விழுந்து இறந்தால் 40 முதல் 60 வாளி நீரும் இறைக்க வேண்டும். ஆடு விழுந்து இறந்தாலோ, சிறிய பிராணியே ஆயினும் உடல் ஊதிச் சிதைந்துவிட்டாலோ கிணற்று நீர் முழுவதையும் இறைக்க வேண்டும். இவற்றுக்கெல்லாம் முன் ஒரு நிபந்தனை இருக்கிறது: விழுந்ததை முதலில் வெளியே எடுக்க வேண்டும். அதற்கு முன் இறைத்த வாளிகள் கணக்கில் சேரா.

மதரஸா மாணவர்கள் மனனம் செய்யும் இந்த நிபந்தனையை, பெட்ரோலும் டீசலும் கலந்த கிணறுகளின் முன் நின்று நாம் மீண்டும் சிந்திக்க வேண்டியிருக்கிறது.

2013-ஆம் ஆண்டு சென்னைத் தண்டையார்பேட்டையில், நிலத்தடியில் சென்ற குழாயிலிருந்து கசிந்த எரிபொருள் குடியிருப்புகளின் ஆழ்துளைக் கிணறுகளை அடைந்தது. வழக்கு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்றது. யாழ்ப்பாணத்தின் சுன்னாகத்தில் மின் நிலையத்தின் கழிவு எண்ணெய் சுற்றுவட்டாரக் கிணறுகளில் கலந்தது. வற்றாத ஆறு ஒன்றும் இல்லாத அக்குடாநாட்டில் கிணறே மக்களின் உயிர். 2019 ஏப்ரலில் இலங்கை உச்ச நீதிமன்றம், மின் உற்பத்தி செய்த நார்தர்ன் பவர் நிறுவனம் பாதிக்கப்பட்டோருக்கு 2 கோடி இலங்கை ரூபாய் இழப்பீடு வழங்க வேண்டும் எனத் தீர்ப்பளித்தது. கெடுத்தவனே ஈடு செய்ய வேண்டும் என்பது அத்தீர்ப்பின் சாரம்.

இத்தகைய இடங்களில் வல்லுநர்கள் செய்வது என்ன? எரிபொருள் நீரைவிட இலேசானது. மண்ணில் இறங்கி, நிலத்தடி நீர்மட்டத்தை அடைந்ததும் அதன் மேல் மிதக்கிறது. பக்கவாட்டில் துளைகள் கொண்ட கண்காணிப்புக் கிணறுகளை ஆங்காங்கே அமைத்து, எண்ணெய்ப் படலம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று அளக்கிறார்கள். சிறிதளவாயின் நீண்ட குழாய் போன்ற மொள்ளும் கலத்தாலும் எண்ணெயை மட்டும் உறிஞ்சும் பொருள்களாலும் எடுக்கிறார்கள். மிகுதியாயின் மேற்படலத்தை மட்டும் இழுக்கும் பம்புகளை இறக்குகிறார்கள். எடுத்ததை வேறிடத்தில் கொட்டிவிடாமல் முறையாகச் சுத்திகரிப்புக்கு அனுப்ப வேண்டும்.

ஆயினும் ஒரு முறை எடுத்ததோடு வேலை முடிவதில்லை. சுற்றியுள்ள மண்ணிலிருந்து எண்ணெய் மீண்டும் கிணற்றுக்குள் ஊறி வருகிறது. கோடையில் நீர்மட்டம் தாழும்போது அதனுடன் இறங்கி மண்ணில் ஒட்டிக்கொள்கிறது. மழைக்குப் பின் மட்டம் உயரும்போது அதில் ஒரு பகுதி மீண்டும் மேலெழுகிறது. மண்ணின் நுண்துளைகளில் சிக்கிய பங்கு எந்தப் பம்புக்கும் வருவதில்லை. கசிவை அடைக்காமல் இறைத்தாலோ, அது எலியைக் கிணற்றிலேயே விட்டுவிட்டு வாளிகளை எண்ணுவதற்கு ஒப்பாகும்.

இங்கே ஒரு மஸ்அலாவும் எழுகிறது. எண்ணெய் போன்ற கலவாத பொருள் நீருடன் இருப்பதால் ஏற்படும் மாற்றம் நீரின் தூய்மையாக்கும் தன்மையைப் போக்காது என்பது ஷாஃபிஈ மத்ஹபின் நிலைப்பாடு. அதைக் கேட்டு, "ஒளூ கூடும் அல்லவா, பின் என்ன?" என்று சிலர் அமைதியடையக்கூடும். நஜீஸ் அல்ல என்பது வேறு, தீங்கற்றது என்பது வேறு. மிதப்பதை நாம் காண்கிறோம். பெட்ரோலில் உள்ள பென்சீன் நீரில் கரைந்து கண்ணுக்குத் தெரியாமல் நிற்கிறது. அது புற்றுநோயை உண்டாக்கும் பொருள். குடிநீரில் ஒரு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு. உடலுக்குக் கேடு தருவதை உட்கொள்ளவும், பிறருக்குக் கேடு விளைவிக்கவும் நம் மார்க்கம் அனுமதிக்கவில்லை.

ஆகவே கிணற்று நீரில் எரிபொருள் வாடை வந்தால் குடிப்பதையும் சமைப்பதையும் குளிப்பதையும் உடனே நிறுத்துங்கள். கொதிக்க வைப்பது தீர்வாகாது, ஆவி தீப்பற்றும். அதே காரணத்தால் மோட்டாரைப் போடாதீர்கள். விளக்கேந்திக் கிணற்றில் எட்டிப் பார்க்காதீர்கள். எவரையும் உள்ளே இறக்காதீர்கள். தீயணைப்புத் துறைக்கும் மாநகராட்சிக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திற்கும் தெரிவியுங்கள்.

நம் உக்கடத்தைப் பற்றியும் கூற வேண்டும். வாகனப் பட்டறைகளும் பழைய இரும்புக் கடைகளும் நம்மில் பலருக்கு ஹலாலான வாழ்வாதாரம். ஆனால் கழற்றிய என்ஜின் ஆயிலை மண்ணிலோ சாக்கடையிலோ ஊற்றுவது அந்த வாழ்வாதாரத்தின் பகுதியாகிவிடக் கூடாது. கோவையின் நிலம் கடினப் பாறை நிலம். நீர் பாறை வெடிப்புகள் வழியே ஓடுகிறது. இங்கே ஊற்றியது யாருடைய ஆழ்துளைக் கிணற்றில் போய் நிற்கும் என்பதை ஊற்றியவரால் அறிய முடியாது. நீர்த்துறைகளில் மலம் கழிப்பதைச் சாபத்திற்குரிய செயலென எச்சரித்த நபி (ஸல்) அவர்களின் உம்மத்தினருக்கு இதன் கனம் விளங்காமல் இராது.

பயன்படுத்திய எண்ணெயை அனுமதி பெற்ற மறுசுழற்சியாளரிடமே ஒப்படைக்க வேண்டும் என்பது 2016-ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளிலும் உள்ளது. ஒவ்வொரு பட்டறையிலும் மூடியுள்ள ஒரு பீப்பாய் இருந்தால் போதும். சிறு பட்டறைகளின் எண்ணெயை ஒன்றுசேர்த்து அனுப்பும் பொறுப்பை முஹல்லா ஜமாஅத்துகள் ஏற்கலாம். ஜும்ஆ பயானில் இதற்கு ஐந்து நிமிடம் ஒதுக்கலாம். கெட்ட நிலத்தடி நீரைத் திருத்த ஆண்டுகள் பல ஆகின்றன. கெடாமல் காக்க ஒரு பீப்பாயும் சிறிது இறையச்சமும் போதும்.

தண்ணீர் என்னும் அமானிதத்தைப் பேணி நடக்க அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக. ஆமீன்.