முசியே, மதாம், கூடவே பாப்பா

எங்கள் வீட்டில் மூன்று பேர். அதில் இரண்டு பேர் பிரெஞ்சுக்காரர்கள்.

உடனே தொப்பி, கோட்டு, கையில் ஒயின் கிளாஸ் என்றெல்லாம் கற்பனை செய்ய வேண்டாம். வீடு சாரத்தில். காமராஜர் சாலையிலிருந்து உள்ளே திரும்பி, இஸ்திரி வண்டியைத் தாண்டினால் வாசலில் முருங்கை மரம் உள்ள வீடு. பிரெஞ்சுக்காரர் நம்பர் ஒன் கட்டம் போட்ட லுங்கியில் திண்ணையில் உட்கார்ந்து இந்தக் கட்டுரையை எழுதிக்கொண்டிருக்கிறார். பிரெஞ்சுக்காரி நம்பர் டூவுக்கு ஐந்து வயது. தயிர் சாதத்தைத் துப்பிக்கொண்டிருக்கிறாள். ஊட்டி விடுபவர்தான் வீட்டில் ஒரே இந்தியப் பிரஜை. என் மனைவி.

வெளியூர் நண்பர்கள் இதைக் கேட்டதும் "எப்படிப்பா?" என்பார்கள். பாண்டிச்சேரிக்காரர்கள் கேட்கவே மாட்டார்கள். "ஓ, நேஷனாலிட்டியா?" என்று மட்டும் சொல்லிவிட்டு, வரன் பார்க்கிற பெண் யாராவது வீட்டில் இருந்தால், "தம்பி யாராவது இருக்காங்களா?" என்று விசாரிப்பார்கள்.

தாத்தா சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இந்தோசீனா வரை போய் வந்தவர். 1954 நவம்பர் 1ஆம் தேதி ஊர் இந்தியாவின் கைக்கு வந்துவிட்டாலும், 1956ல் கையெழுத்தான ஒப்பந்தம் சட்டப்படி அமலுக்கு வந்தது 1962 ஆகஸ்ட் 16ல்தான். அன்றிலிருந்து ஆறு மாதம் கெடு. சும்மா இருந்தால் இந்தியர். பிரெஞ்சுக்காரராகவே இருக்க வேண்டுமானால் எழுதிக் கொடுக்க வேண்டும். தாத்தா எழுதிக் கொடுத்தார். பிள்ளைகளின் பெயரையும் அதிலேயே குறிப்பிட வேண்டும். அப்போது ஐந்து வயதான என் அப்பா, தெருவில் கோலி ஆடிக்கொண்டிருக்கும்போதே, தாத்தாவின் ஒரு வரியில் பிரெஞ்சுக்காரராக நீடித்துவிட்டார். அவர் வழியாக நான். என் வழியாக பாப்பா.

பாட்டி எழுதிக் கொடுக்கவில்லை. அந்த ஒப்பந்தத்தில் ஒரு நல்ல ஷரத்து உண்டு. கணவன் எடுக்கிற முடிவு மனைவியின் குடியுரிமையைப் பாதிக்காது. பாட்டிக்கு ஷரத்தெல்லாம் தெரியாது. "நான் எங்க போகப் போறேன், எனக்கு எதுக்கு?" என்று சொல்லிவிட்டாளாம். தேர்தல் நாளில் பாட்டி ஸ்கூலுக்குள் போய் வரிசையில் நிற்பாள். தாத்தா வெளியே குடையைப் பிடித்துக்கொண்டு வேப்ப மரத்தடியில் காத்திருப்பார். இரண்டு தேசம், ஒரு குடை. சின்ன வயதில் நானே பார்த்திருக்கிறேன்.

நிற்க. விஷயத்துக்கு வருகிறேன்.

பிரெஞ்சுக்காரரைக் கட்டிக்கொண்டால் பிரெஞ்சு ஆகிவிடலாம் என்று ஊரில் ஒரு நம்பிக்கை. ஒரு காலத்தில் உண்மைதான். 1973ல் சட்டம் மாறும்வரை, பிரெஞ்சுக்காரரை மணந்த பெண் தாலி ஏறிய கையோடு பிரெஞ்சுக்காரி. இப்போது அப்படியில்லை. கல்யாணமாகி நாலு வருஷம் ஆகியிருக்க வேண்டும். சில சந்தர்ப்பங்களில் ஐந்து. நம் கல்யாணத்தை அவர்கள் பதிவேட்டில் ஏற்றியிருக்க வேண்டும். பிரெஞ்சு தெரியும் என்பதற்குச் சான்றிதழ் வேண்டும். கணவனும் மனைவியும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். பிறகு பேட்டி.

மனைவி மூன்று வருஷம் சாயங்கால வகுப்புக்குப் போய் பிரெஞ்சு படித்தாள். வினைச்சொற்களைச் சொல்லிக்கொண்டே வெங்காயம் நறுக்குவாள். எனக்கு பிரெஞ்சில் 'உய்' தெரியும், 'நோன்' தெரியும், வியாழக்கிழமை வரை கிழமைகள் தெரியும். வெள்ளி, சனி கொஞ்சம் தகராறு. ஆனால் என்னை யாரும் பரீட்சை வைக்கவில்லை. நான் பிறந்ததே போதுமாம்! இந்த அநியாயத்தை அவள் மாதம் ஒரு முறையாவது எனக்கு ஞாபகப்படுத்துவாள்.

பேட்டிக்குத் தேதி வந்தது. இருவரும் வர வேண்டும் என்றிருந்தது. பாப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

மாமியார் விழுப்புரத்தில் முழங்கால் வலியோடு. எதிர்வீட்டு அக்கா கல்யாணத்துக்காகக் கடலூர் போய்விட்டார். ஸ்கூல் லீவு. இஸ்திரிக்காரரிடம் விட்டுவிட்டுப் போகலாமா என்றுகூட ஒரு நிமிஷம் யோசித்தேன். மனைவி பார்த்த பார்வையில் யோசனையை வாபஸ் வாங்கிக்கொண்டேன்.

பயம் என்னவென்றால், பாப்பாவுக்கு ரகசியம் என்ற சொல்லுக்கு அர்த்தம் தெரியாது. வாடகை கேட்டு வந்தவரிடம், "அப்பா பாத்ரூம்ல ஒளிஞ்சிருக்காங்க" என்று சொன்ன உத்தமி அவள். 1990ல் 'கிரீன் கார்டு' என்று ஓர் ஆங்கிலப் படம் வந்தது. அமெரிக்காவில் தங்குவதற்காகப் பொய்க் கல்யாணம் செய்துகொண்ட ஒரு பிரெஞ்சுக்காரர், மனைவி முகத்தில் பூசுகிற கிரீமின் பெயர் ஞாபகம் வராமல் பேட்டியில் மாட்டிக்கொள்வார். அதை நினைத்து, முதல் நாள் ராத்திரி மனைவியின் டிரெஸ்ஸிங் டேபிளில் இருந்த அத்தனை டப்பாவையும் மனப்பாடம் செய்தேன். எங்களுடையது நிஜக் கல்யாணம் என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை.

பிரெஞ்சுச் சட்டம் கேட்பது ஒன்றுதான். தம்பதிகள் உணர்விலும் பொருளிலும் சேர்ந்து வாழ்கிறார்களா? பொருளுக்கு ஜாயின்ட் அக்கவுண்ட் புத்தகம், வாடகை ரசீது எல்லாம் இருக்கிறது. உணர்வுக்கு ரசீது? பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ். பி.காம். பாஷையில் சொன்னால் பாப்பாதான் எங்கள் வவுச்சர். வவுச்சரையே நேரில் கொண்டுபோய்க் காட்டினால் ஆடிட்டர் வேண்டாமென்றா சொல்லப் போகிறார் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

கிளம்புகிற நேரத்தில் பூட்ஸில் ஒன்றைக் காணோம். கட்டில் அடியில், முருங்கை மரத்தடியில், வாஷிங் மெஷினுக்குள் எல்லாம் தேடியாயிற்று.

"செருப்பு போட்டுக்கட்டுமேங்க."

"கூடாது. இந்த ஊர்ல பூட்ஸுக்கும் குடியுரிமைக்கும் பழைய சம்பந்தம் இருக்கு" என்றேன்.

இருக்கிறது சார். 1873ல் பொன்னுத்தம்பி பிள்ளை என்ற வக்கீல் மேல்நாட்டு பூட்ஸ் போட்டுக்கொண்டு இந்த ஊர் கோர்ட்டுக்குப் போனார். உள்ளூர்க்காரர் அப்படி வரக்கூடாது என்று நீதிபதி ஆட்சேபித்தார். மனிதர் விடவில்லை. பாரிஸ் வரை வழக்கைக் கொண்டுபோய் ஜெயித்தார். 1881ல், நம் பழைய குலவழக்கச் சட்டத்தை விட்டுவிட்டு பிரெஞ்சு சிவில் சட்டத்துக்கு வருகிறேன் என்று எழுதிக் கொடுத்தால் ஏற்போம் என ஆணை வந்தபோது, முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டு, குடும்பப் பெயராக 'லாப்போர்த்' என்று வைத்துக்கொண்டார். 'கதவு' என்று அர்த்தம். மற்றவர்களுக்கும் கதவைத் திறந்துவிட்டாராம். அவர் பெயரில் ஊரில் ஒரு வீதியே இருக்கிறது.

இவ்வளவையும் நான் சொல்லி முடிப்பதற்குள் மனைவி பாப்பாவுக்கு ரப்பர் செருப்பை மாட்டி ஸ்கூட்டரில் ஏற்றிவிட்டாள்.

அஜந்தா சிக்னலில் நின்று, பெரிய வாய்க்காலைத் தாண்டி, மரீன் வீதி. அந்தக் காலத்தில் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் வெள்ளைக்காரர் ஊர், இந்தப் பக்கம் நம் ஊர். இப்போது அந்தப் பக்கம் ஊர் முழுக்க செல்ஃபி.

கான்சலேட்டில் உட்கார்ந்ததும் பாப்பா கேட்ட முதல் கேள்வி, "சூச்சூ எங்கே?" போய்விட்டு வந்தோம். இரண்டாவது கேள்வியும் அதே. மூன்றாவது முறை கூப்பிட்டுக்கொண்டு போகும்போது எங்கள் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். ஈரக் கையோடு உள்ளே போனோம்.

அதிகாரி இளம்பெண். நல்ல சிரிப்பு. என்னைப் பார்த்து "முசியே", மனைவியைப் பார்த்து "மதாம்", பாப்பாவைப் பார்த்து ஒரு கையசைப்பு. வெளியே அனுப்பச் சொல்வாரோ என்று பயந்தேன். இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

மனைவியிடம் கேள்விகள் ஆரம்பமாயின. எப்போது சந்தித்தீர்கள், என்ன வேலை, இங்கேயே இருப்பீர்களா, அங்கே போவீர்களா. கேள்வி இவை என்பது பின்னால் மனைவி சொல்லித் தெரிந்தது. அப்போது எனக்கு எல்லாம் 'ஷ்ஷ்' என்றுதான் காதில் விழுந்தது. ஆனால் அவள் பேசுகிற அழகைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டில் கேஸ் சிலிண்டருக்காகக் கத்துகிறவளா இவள்? நடுநடுவே நானும் அறிவாளி மாதிரி தலையை ஆட்டினேன்.

பேட்டி முடிகிற சமயம். அதிகாரி பாப்பாவிடம் ஏதோ கேட்டார். பாப்பா லிசேயில் படிப்பவள். என்னோடு தமிழ், பொம்மைகளோடு பிரெஞ்சு. செருப்புக் காலை ஆட்டிக்கொண்டே பதில் சொல்ல ஆரம்பித்தாள். நிறுத்தவில்லை. இடது கை ஆள்காட்டி விரலைத் தூக்கிக் காட்டினாள். அம்மாவைக் காட்டினாள். என்னைக் காட்டினாள். கடைசியில் உதட்டைப் பிதுக்கினாள்.

ஏதோ என்னைப் பற்றிப் பெருமையாகச் சொல்கிறாள் என்று நினைத்து, "உய், உய்" என்றேன். பலமாகவே சொன்னேன்.

அதிகாரி என்னை ஒரு மாதிரி பார்த்தார். மனைவி மடியில் இருந்த ஃபைலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அதிகாரி அவளிடம் மெதுவாக ஒரு கேள்வி கேட்டார். அவள் யோசித்து, நீளமாகப் பதில் சொன்னாள். இருவரும் கையெழுத்துப் போட்டோம். முடிந்தது.

பாரதி பூங்காவில் ஆயி மண்டபத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தோம். பாப்பாவுக்கு பஞ்சு மிட்டாய்.

"என்ன சொன்னா?" என்றேன்.

"அம்மா பிரெஞ்சு ஆயிட்டா எங்க வீட்ல யார் விரல்லயும் மை இருக்காதுன்னு சொன்னா."

2024 ஏப்ரல் 19. புதுச்சேரி நாடாளுமன்றத் தேர்தல். மனைவி ஓட்டுப் போட்டுவிட்டு வந்து பாப்பாவிடம் விரலைக் காட்டியதும், எனக்கும் மை வேண்டும் என்று பாப்பா அழுது, கடைசியில் ஸ்கெட்ச் பேனாவால் வைத்துவிட்டதும் ஞாபகம் வந்தது. நானும் 2022ல் பிரெஞ்சு ஜனாதிபதி தேர்தலுக்கு இதே ஊரில் ஓட்டுப் போட்டவன்தான். கவரில் சீட்டை வைத்துப் பெட்டியில் போட்டால் ஆயிற்று. அவர்களிடம் மை கிடையாது.

"அவ்வளவுதானா?"

"இல்ல. அம்மா அந்த மை போகக்கூடாதுன்னு பாத்திரம் தேய்க்கும்போது விரலைத் தூக்கிக்கிட்டே தேய்ச்சாங்க, அப்பா ஏன்னு கேக்கவே இல்லைன்னா. நீங்க அதுக்குத்தான் 'உய், உய்'ன்னீங்க."

கொஞ்ச நேரம் பஞ்சு மிட்டாய்க்காரரையே பார்த்துக்கொண்டிருந்தேன். காலேஜில் முதல் வருஷமே சொல்லிக் கொடுத்தார்கள். உள்ளே வருவதைப் பற்று வை, வெளியே போவதை வரவு வை. இரண்டு பக்கமும் எழுத வேண்டும். வருவதை எல்லாம் நான் பல தடவை எழுதியிருக்கிறேன். பாஸ்போர்ட், விசா தொல்லை இல்லை, பாப்பாவின் படிப்பு. போவது? இந்தியாவில் இரட்டைக் குடியுரிமை கிடையாது. அந்தப் பக்கம் பிரெஞ்சு ஆன நிமிஷம் இந்தப் பக்கம் பேர் போய்விடும். இந்திய பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, என் மாதிரி ஓ.சி.ஐ. கார்டு வாங்கிக்கொண்டு பிறந்த ஊரில் இருக்கலாம். ஓட்டு கிடையாது. சர்க்கார் வேலை கிடையாது. விழுப்புரத்தில் அவள் அம்மா வீட்டுப் பக்கம் கால் காணி நிலம்கூட வாங்க முடியாது. எனக்கு இதெல்லாம் இழப்பே இல்லை, ஏனென்றால் என்னிடம் இருந்ததே இல்லை. அவளிடம் இருந்தது.

"அந்த அம்மா கடைசியா என்ன கேட்டாங்க?"

"நிஜமாவே உங்களுக்கு விருப்பமான்னு கேட்டாங்க."

அரசாங்கம் கேட்டுவிட்டது. ஏழு வருஷத்தில் நான் கேட்கவில்லை.

"நீ என்ன சொன்னே?"

"ஏர்போர்ட்டைச் சொன்னேன். பாப்பா கைக்குழந்தையா இருந்தப்ப பாரிஸ் போனோமே, உங்க சித்தப்பா வீட்டுக்கு. நீங்க ரெண்டு பேரும் ஒரு க்யூ. நான் வேற க்யூ. நீங்க சீக்கிரம் போயிட்டீங்க. அந்தப் பக்கம் இவ அழற சத்தம் கேக்குது. எனக்கு முன்னால அறுபது பேர். பால் குடிக்கிற பிள்ளைங்க அது. இனிமே அப்படி நிக்க முடியாதுன்னு சொன்னேன்."

"எனக்கு ஞாபகமே இல்லையே."

"உங்களுக்கு எப்படி இருக்கும்? நீங்க முன்னாடி போனவர்."

அதற்குப் பதில் இல்லை. "பாட்டி கடைசிவரை இந்தியப் பிரஜையாவே இருந்துட்டாங்க" என்று சம்பந்தமில்லாமல் ஏதோ சொன்னேன்.

"பாட்டிக்கு ஏர்போர்ட் கிடையாதுங்க. வேப்ப மரம்தானே."

பாப்பா கை முழுக்கப் பிசுபிசுப்போடு வந்து எங்கள் இருவருக்கும் நடுவில் ஏறி உட்கார்ந்தாள். விரலைக் காட்டினாள். ரோஸ் கலரில் பஞ்சு மிட்டாய்ச் சாயம்.

"பதில் வர ஒரு வருஷம்கூட ஆகலாமாம்" என்றாள் மனைவி. ஃபைல் பிரான்சுக்குப் போய், முடிவு அங்கே எடுக்க வேண்டும்.

"அதுக்குள்ள ஏதாவது தேர்தல் வந்தா போய்ப் போட்டுடு. நான் வெளியில குடை பிடிச்சிக்கிட்டு நிக்கறேன்."

"உள்ளாட்சித் தேர்தல் வந்தாக்கூடவா?"

"நம்ம ஊர்லயா? 1968ல ஒண்ணு நடந்தது. அடுத்தது 2006ல. அதை நம்பி குடை வாங்கினா கம்பியெல்லாம் துருப்பிடிச்சிடும்."

வீட்டுக்கு வந்ததும் அந்த இன்னொரு பூட்ஸ் கிடைத்தது. முதல் நாளே இஸ்திரி வண்டியில் விட்டுவிட்டு வந்திருக்கிறாள். கூடவே இலவசமாக லேஸுக்கு இஸ்திரியும் போட்டு வைத்திருந்தார்.