பேரு பன்றி, சொந்தம் திமிங்கலம்!



நீர்யானை யானைக்குச் சொந்தமா? பேரைக் கேட்டால் அப்படித்தான் தோணும். ஆனால் இன்று உயிரோடு இருக்கிற விலங்குகளில் அதற்கு நெருங்கிய சொந்தம் திமிங்கலம்தான்! பேரைப் பார்த்து எதையும் முடிவு பண்ணக் கூடாது என்பது என் கருத்து. இதற்கு நம் நாட்டிலேயே சாட்சி இருக்கிறது.

ஜம்மு பக்கம் காலாகோட் என்ற இடத்தில் ரங்கா ராவ் என்ற நிலவியல் அறிஞர் பழைய எலும்புகளைச் சேகரித்தார். 1971-இல் அந்த விலங்குக்கு 'இந்தோஹியஸ்' என்று பேர் வைத்தார். 'இந்தியப் பன்றி' என்று அர்த்தம். சுமார் 4 கோடியே 80 லட்சம் வருஷத்துக்கு முன்னால் வாழ்ந்தது. பூனை அளவுதான். ஆடு, மாடு மாதிரி இரட்டைக் குளம்பு இனம்.

அவர் சேர்த்த பாறைகள் பல உடைக்காமலே கிடந்தன. அவர் காலமான பிறகு அவர் மனைவி அவற்றைத் தீவிஸ்ஸன் என்ற அமெரிக்க விஞ்ஞானியிடம் கொடுத்தார். அங்கே வேலை செய்தவர் கை தவறி ஒரு மண்டையோடு உடைந்துபோச்சு. உள்ளே பார்த்தால் காது எலும்பின் உட்சுவர் தடிப்பாக இருந்தது. அந்த மாதிரி காது திமிங்கல இனத்துக்கு மட்டும்தான் உண்டு என்று அதுவரை நினைத்திருந்தார்கள்! கால் எலும்பும் கனமானது. அதனால் தண்ணீரில் நடந்து திரிந்திருக்கும் என்று 2007-இல் அறிவித்தார்கள். அதோடு முடியவில்லை. நீர்யானைக்கு எந்த இடம் என்று 2009-இலும் விவாதம் நடந்தது.

தென் அமெரிக்காவில் 1834-இல் டார்வின் எடுத்த மாக்ராகீனியா எலும்பைப் பார்த்து ஒட்டகச் சொந்தம் என்றார்கள். 2015-இல் எலும்பில் இருந்த புரதத்தைச் சோதித்தார்கள். குதிரை, காண்டாமிருகத்துக்குத்தான் அது நெருக்கமாம்!

பேரே வைக்கக் கூடாதா என்று கேட்பீர்கள். வைக்கணும். பேர் இல்லாமல் எப்படிப் படிப்பது? ஆனால் புது சாட்சி வந்தால் திருப்பிப் பார்க்கணும். விஞ்ஞானிகள் 36 வருஷம் கழித்தும் பார்த்தார்களே!

நம்ம பிள்ளைகளுக்கு மட்டும் ஏன் அது இல்லை? ஆறாவதில் ஒரு பரீட்சையில் மார்க் குறைந்தால் 'மக்கு' என்று பேர். பத்தாவது வரைக்கும் அதே பேர்தான். "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு சயின்ஸ் குரூப்?" என்று மார்க் வருவதற்கு முன்பே முடிவு பண்ணுகிற வீடுகளும் உண்டு. கல்லுக்குக் கிடைத்த மறுபரிசீலனை பிள்ளைக்குக் கிடைக்கக் கூடாதா?

ஒவ்வொரு வருஷமும் புதுசாகப் பாருங்கள் என்று ஆசிரியர்களையும் பெற்றோரையும் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். தோழிகளே, யாராவது வைத்த பேரை நீங்களே நம்பிவிடாதீர்கள்!



– 9-ஆம் வகுப்பு மாணவி, பாபநாசம்