எண் தவறினால் இடம் தவறும்



நம் தீவுகளில் ஒரு படகு நேரத்துக்குத் திரும்பவில்லை என்றால் அந்தச் செய்தி ஒரு வீட்டோடு நிற்பதில்லை. ஜெட்டியில் முதலில் நாலு பேர் கூடுவார்கள். அரை மணியில் நாற்பது பேர் நிற்பார்கள். ஏழெட்டு ஆண்டுகளுக்கு முன் அப்படியொரு மாலையை நான் அருகிலிருந்து பார்த்தேன். இக்கட்டுரையை எழுதத் தூண்டியது அந்த மாலைதான்.

எஞ்சின் நின்றுபோன ஒரு டிங்கிப் படகில் மூவர் இருந்தனர். அவர்களில் இளையவனிடம் கையடக்கமான ஜி.பி.எஸ். கருவி ஒன்று இருந்தது. கைப்பேசியில் ஓரிரு நிமிடம் கிடைத்த சிக்னலில் அவன் கரைக்குச் சொன்னவை இரண்டு எண்கள்: "வடக்கே 11.40, கிழக்கே 92.55." கரையில் ஒருவர் அதைத் துண்டுக் காகிதத்தில் குறித்துக்கொண்டார். 11 டிகிரி 40 நிமிடம், 92 டிகிரி 55 நிமிடம் என்றே நாங்கள் எல்லோரும் எடுத்துக்கொண்டோம். அது போர்ட் பிளேருக்கு (இன்றைய ஸ்ரீ விஜயபுரம்) நேர் கிழக்கே உள்ள திறந்த கடல். தெரிந்தவர்களின் படகுகள் இரண்டு அங்கே விரைந்தன. இருட்டும்வரை தேடியும் ஒன்றும் தென்படவில்லை. முறைப்படி தகவல் தர வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றியபோது பொழுது சாய்ந்துவிட்டது. அந்தக் குற்றம் எங்களுடையது.

மறுநாள் காலை அந்த மூவரும் ரட்லாண்ட் தீவுக்கு மேற்கே, வழியே போன ஒரு மீன்பிடிப் படகின் கண்ணில் பட்டு, தாகத்தோடு கரை சேர்ந்தனர். பிறகுதான் விஷயம் விளங்கிற்று. அந்தக் கருவி நிமிடத்தைக் காட்டாமல், டிகிரியைத் தசம பின்னத்தோடு காட்டும்படி வைக்கப்பட்டிருந்தது. 11.40 டிகிரி என்றால் 11 டிகிரி 24 நிமிடம். 92.55 டிகிரி என்றால் 92 டிகிரி 33 நிமிடம். கருவி காட்டியது சரி. பையன் படித்ததும் சரி. எழுதியவரும் காதில் விழுந்ததைத்தான் எழுதினார். ஆனாலும் நாங்கள் தேடிய இடத்துக்கும் படகு கிடந்த இடத்துக்கும் ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர். நடுவே தென் அந்தமானே இருந்தது!

அன்று கடல் அமைதியாக இருந்தது. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதமாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கவே மனம் நடுங்குகிறது.

இந்தக் கருவி, தன்னைக் கையில் வைத்திருப்பவர் எங்கே இருக்கிறார் என்பதை மட்டுமே சொல்லும். காணாமற்போனவரைத் தேட வேண்டுமானால், அந்த எண் ஒருவர் வாயிலிருந்து இன்னொருவர் காதுக்கும், அங்கிருந்து காகிதத்துக்கும், பிறகு மற்றொரு கருவிக்கும் பிழையில்லாமல் போய்ச் சேர வேண்டும். கருவியைக் கடையில் வாங்கலாம். இந்தப் பழக்கத்தை வாங்க முடியாது. கற்றுத்தான் பெற வேண்டும். அதைக் கற்றுக்கொடுக்கும் பொறுப்பை நம் சங்கம் ஏற்க வேண்டும் என்பதே என் கருத்து.

கருவியின் மீது குறை சொல்ல இன்று அதிகம் இல்லை. பூமிக்கு மேலே சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக் கோள்கள் நேரக் குறியீடுகளை அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. குறைந்தது நான்கு கோள்களின் குறியீடு கிடைத்தால் கருவி தன் இடத்தைக் கணக்கிட்டுவிடும். அமெரிக்க அரசு பொதுமக்களுக்கான குறியீட்டில் வேண்டுமென்றே பிழையைக் கலந்து வைத்திருந்த காலமும் உண்டு. அப்போது நூறு மீட்டர்வரை விலகும். 2000-ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் அந்தக் கலப்பு நிறுத்தப்பட்டது. இப்போது திறந்த வானத்தின் கீழ் சாதாரணக் கையடக்கக் கருவியே பத்து மீட்டருக்குள் சொல்லிவிடுகிறது. அன்று மாலை கருவி செய்த பிழை பத்து மீட்டர். நாங்கள் செய்த பிழை ஐம்பதாயிரம் மீட்டர்!

கடலில் தேடுவது என்றால் என்ன என்பதை ஒரு சிறு கணக்கால் விளங்கிக்கொள்ளலாம். அட்சரேகையில் ஒரு நிமிடம் என்பது ஒரு கடல் மைல், அதாவது 1,852 மீட்டர். நீரோட்டமும் காற்றும் ஒரு படகை மணிக்கு இரண்டு கடல் மைல் வீதம் இழுத்துச் செல்வதாக வைத்துக்கொள்வோம். மூன்று மணி நேரத்தில் அது ஆறு கடல் மைல் ஆரமுள்ள வட்டத்துக்குள் எங்கும் இருக்கலாம். ஏறத்தாழ 390 சதுர கிலோமீட்டரைத் தேட வேண்டும். ஆறு மணி நேரமானால் தேட வேண்டிய பரப்பு 1,550 சதுர கிலோமீட்டர். லிட்டில் அந்தமான் தீவைப் போல் இரண்டு மடங்குக்கும் அதிகம். நேரம் இரட்டித்தால் பரப்பு நான்கு மடங்காகிறது. இதுவும் தொடங்கிய இடம் சரியாகத் தெரிந்தால்தான். அதுவே தவறென்றால் வட்டம் முழுவதும் வேறு கடலில் விழுகிறது.

கடைசி இடம் தெரியாமற் போவதன் கொடுமையை நாடே கண்டது. 2016 ஜூலை 22 அன்று தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்குப் புறப்பட்ட விமானப்படையின் ஏ.என்.-32 விமானம், 29 பேருடன் வங்கக்கடலின் மேல் மறைந்தது. கடற்படையும் விமானப்படையும் கடலோரக் காவல்படையும் சேர்ந்து தேடின. ஏழரை ஆண்டுகள் கழித்து, 2024 ஜனவரியில்தான், ஆளில்லா நீர்மூழ்கிக் கருவி எடுத்த படங்களால் சிதைவுகள் அடையாளம் காணப்பட்டன. சென்னைக் கரையிலிருந்து சுமார் 310 கிலோமீட்டர் தொலைவில், 3,400 மீட்டர் ஆழத்தில் அவை கிடந்தன. அந்தக் குடும்பங்கள் அத்தனை ஆண்டுகளும் எப்படிக் காத்திருந்திருக்கும்? நாட்டின் முழு வலிமையும் தேடும்போதே இந்த நிலை என்றால், நம் டிங்கிப் படகுக்கு நாம் எவ்வளவு விழிப்பாயிருக்க வேண்டும்!

நம் தீவுகளுக்கென்றே இன்னொரு சிக்கலும் உண்டு. படகில் ஒருவர் தமிழர், ஒருவர் தெலுங்கர். கரையில் எழுதுபவர் வங்காளி. இடையே ஓடும் பேச்சு இந்தி. இந்தியில் 39 'உன்தாலீஸ்', 49 'உன்சாஸ்'. இரைச்சலில் கேட்டுப் பாருங்கள். தமிழில் முப்பத்தொன்பதும் நாற்பத்தொன்பதும் அப்படியே. அட்சரேகையில் இந்த ஒரு சொல் மாறினால் பத்து கடல் மைல் மாறுகிறது. ஆகவே எண்ணை ஒவ்வோர் இலக்கமாகச் சொல்ல வேண்டும்: "மூன்று, ஒன்பது." கேட்டவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்னவர் "சரி" என்ற பிறகே பேச்சை முடிக்க வேண்டும். இதற்குப் பணம் செலவில்லை. கூச்சத்தை விட்டால் போதும்.

"கைப்பேசியிலேயே எல்லாம் இருக்கிறதே" என்பார்கள். உண்மைதான். டவர் இல்லாத இடத்திலும் கைப்பேசி தன் இடத்தை அறியும். இதைப் பலர் அறியார். ஆனால் கைப்பேசி வரைபடங்கள் பெரும்பாலும் தசம டிகிரியில்தான் இடத்தைக் காட்டுகின்றன. கடலில் வழக்கம் டிகிரியும், நிமிடமும், நிமிடத்தின் தசமமும். எங்களைத் திசை திருப்பியது இந்த வேறுபாடேதான். மேலும், நனைந்தாலோ சார்ஜ் தீர்ந்தாலோ கைப்பேசியின் கதை முடிந்தது. மாற்று பேட்டரி போடக்கூடிய, நீர் புகாத தனிக் கருவிக்கு இன்னும் வேலை இருக்கிறது.

"எங்கள் பெரியவர்கள் கருவி இல்லாமலே போய் வந்தார்களே" என்றும் சொல்வார்கள். கரையில் இரண்டு அடையாளங்களை நேர்கோட்டில் வைத்து இடத்தைக் கண்டுபிடித்த அந்த அறிவுக்கு நான் தலை வணங்குகிறேன். ஆனால் 2004 டிசம்பர் 26 அன்று அந்த அடையாளங்களுக்கு என்ன நேர்ந்தது? இந்திரா முனையில் நிலம் நான்கு மீட்டருக்கு மேல் தாழ்ந்து, கலங்கரை விளக்கத்தின் அடி நீரில் நின்றது. இலங்கையிலிருந்து வந்து ரப்பர் தோட்டத்தில் குடியேறிய நம்மவர்கள் வாழ்ந்த கச்சால் தீவிலும் கரையோரக் குடியிருப்புகள் அடித்துச் செல்லப்பட்டன. கோயிலும் மரமும் ஜெட்டியும் போன பிறகு, 'இங்கேதான் வீடு இருந்தது' என்று எதைக் காட்டுவது? அனுபவமும் எண்ணும் ஒன்றுக்கொன்று துணை. 2017-இல் ஒக்கி புயலின்போது குமரி மாவட்ட மீனவர்கள் தங்கள் சொந்தப் படகுகளிலேயே தேடப் போனதை மறக்க முடியுமா? எங்கே தேட வேண்டும் என்பதைச் சொல்ல அனுபவம் வேண்டும். எங்கே தேடி முடித்தோம் என்பதைச் சொல்ல எண் வேண்டும்.

இந்த இரண்டாவதைப் பலரும் கவனிப்பதில்லை. கருவியை அணைக்காமல் வைத்திருந்தால், போன வழி முழுவதும் அதில் கோடாகப் பதிந்திருக்கும். மாலையில் நான்கு படகுகளின் கோடுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தால், எவரும் போகாத இடம் எது என்று தெரிந்துவிடும். மறுநாள் அங்கிருந்து தொடங்கலாம். காட்டில் தேடும்போதும் இப்படியே. ஆனால் நம் காடுகளின் அடர்ந்த இலைக்கூரை சமிக்ஞையை மறைக்கும். வெட்டவெளியைக் கண்டதும் நின்று இடத்தைப் பதிய வேண்டும்.

நங்கூரம் இழுபட்டால் ஒலியெழுப்பும் வசதியும் பல கருவிகளில் உண்டு. 2006 ஜனவரியில் வடக்கு சென்டினல் தீவருகே இரவில் படகு கரைக்கு ஒதுங்கி, இரண்டு மீனவர்கள் உயிரிழந்ததை நாம் அறிவோம். நெருங்கக் கூடாத இடத்தை நெருங்காமல் இருப்பதற்கும், அங்கு வாழும் மக்களைத் தொந்தரவு செய்யாமல் இருப்பதற்கும் இந்தக் கருவியே காவல்.

அரசும் சும்மா இருக்கவில்லை. ஆபத்தில் அழுத்தினால் இடத்தைச் செயற்கைக் கோள் வழியே அனுப்பும் கருவியை இஸ்ரோ உருவாக்கியது. நாடெங்கும் ஒரு லட்சம் மீன்பிடிப் படகுகளுக்கு டிரான்ஸ்பாண்டர் பொருத்தும் திட்டம் 2024-இல் தொடங்கப்பட்டது. நல்லதே. ஆனால் உறையைப் பிரிக்காமல் பெட்டிக்குள் வைத்த கருவி யாரைக் காப்பாற்றும்? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது.

ஆகவே நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். மழைக்காலம் தொடங்குமுன், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மைதானத்தில் இரண்டு மணி நேரப் பயிற்சி நடத்துவோம். ஓர் இளைஞர் ஒரு தேங்காயை மறைத்து வைத்து, அந்த இடத்தை எண்ணாக மட்டும் வாயால் சொல்லட்டும். இன்னோர் அணி கேட்டு எழுதிக்கொண்டு போய் எடுத்து வரட்டும். முதல் முறை தேங்காய் கிடைக்காது, சிரிப்போம். அந்தச் சிரிப்பிலேயே பாடம் இருக்கிறது. புறப்படும் இடத்தைப் பதிவது, ஆள் கடலில் விழுந்த அந்தக் கணமே இடத்தைப் பதிவது, எண்ணைத் திருப்பிச் சொல்வது, இவற்றைச் சொல்லும் ஓர் அட்டையைத் தமிழ், தெலுங்கு, வங்காளம், இந்தி ஆகிய மொழிகளில் அச்சிட்டு, நீர் புகாத உறையிலிட்டுப் படகுதோறும் தருவோம். அட்டையின் தலைப்பில் கடலோரக் காவல்படையின் 1554 என்ற எண்ணும், வி.எச்.எஃப். 16-ஆம் அலைவரிசையும் பெரிய எழுத்தில் இருக்கட்டும். பயிற்சிக்கு மற்ற மொழிச் சங்கத்தாரையும் அழைப்போம். கடல் மொழி பார்ப்பதில்லை.

பொங்கல் விழாவும் பட்டிமன்றமும் நமக்கு வேண்டும்தான். அவற்றோடு இந்த ஒரு காலைப் பொழுதையும் சேர்த்துக்கொண்டால், ஏதோவொரு மாலையில் ஜெட்டியில் கூடி நிற்கும் நாற்பது பேரில் ஒருவருக்காவது அந்தக் காகிதத்தில் எதை எழுத வேண்டும் என்று தெரிந்திருக்கும்.