புரோக்கர் ஏமாத்திட்டா பணம் திரும்ப வருமா? நீங்க எந்தக் கணக்குக்கு அனுப்பினீங்க என்பதில்தான் எல்லாம் இருக்கு!

சத்தியமங்கலம் மாதிரி ஊர்களில் வாய் வார்த்தைக்கு இன்னும் மதிப்பு உண்டு. "நம்ம பையன்தானுங்க, ஏமாத்த மாட்டான்" என்று சொல்லியே லட்சங்கள் கைமாறும். ஷேர் மார்க்கெட்டில் பிரச்சினை வந்தால், இதே நம்பிக்கைதான் வழக்கைப் பலவீனமாக்குகிறது.

ஒரு உதாரணத்துக்கு இரண்டு பேரை எடுத்துக்கொள்வோம். ஒருவர் 4 லட்சம் ரூபாயைப் புரோக்கர் நிறுவனத்தின் வங்கிக் கணக்குக்கு அனுப்பி ஷேர் வாங்கினார். அவருக்கே தெரியாமல் அந்த ஷேர்கள் டீமேட்டில் இருந்து காணாமல் போய்விட்டன. இன்னொருவர் அதே 4 லட்சத்தை, அதே நிறுவனத்தின் உள்ளூர் ஏஜென்ட்டின் சொந்த எண்ணுக்கு ஜிபே செய்தார். "மாசம் 3 பர்சென்ட் உறுதி" என்று அவர் சொன்னதுதான் காரணம். இரண்டு பேருமே ஏமாந்திருக்கிறார்கள். ஆனால் இரண்டு பேருக்கும் கிடைக்கும் சட்டப் பாதுகாப்பு ஒன்றல்ல.

கார்வியில் என்ன நடந்தது?

முதல் வகைக்குப் பெரிய உதாரணம் ஹைதராபாத்தின் கார்வி ஸ்டாக் புரோக்கிங். வாடிக்கையாளர்கள் எழுதிக்கொடுத்த 'பவர் ஆஃப் அட்டர்னி'யைப் பயன்படுத்தி, 95,000-க்கும் மேற்பட்டவர்களின் ஷேர்களை அந்த நிறுவனம் தன் கணக்குக்கு மாற்றியது. பிறகு அவற்றை வங்கிகளில் அடகு வைத்துக் கடன் வாங்கியது. அந்த ஷேர்களின் மதிப்பு சுமார் ரூ.2,300 கோடி. 2019 நவம்பர் 22 அன்று செபி தடை உத்தரவு போட்டது. சில நாட்களில் சுமார் 83,000 பேருக்கு ஷேர்கள் திரும்பின. கடன் கொடுத்த வங்கிகளோ "அடகு வைத்தது எங்களிடம்தானே" என்று தீர்ப்பாயத்துக்குப் போய்விட்டன.

2020 நவம்பரில் தேசிய பங்குச் சந்தையான என்எஸ்இ, கார்வியை 'டிஃபால்ட்டர்' என்று அறிவித்து வெளியேற்றியது. நஷ்டப்பட்டவர்களுக்கு இதுதான் முக்கியமான நாள். புரோக்கர் 'டிஃபால்ட்டர்' ஆன பிறகுதான், பங்குச் சந்தையின் முதலீட்டாளர் பாதுகாப்பு நிதியில் இருந்து இழப்பீடு கேட்க முடியும். ஒருவருக்கு இவ்வளவுதான் என்ற உச்சவரம்பும், விண்ணப்பிக்கக் கடைசி நாளும் அதில் உண்டு.

2023 ஏப்ரலில் கார்விக்கும் அதன் தலைவர் பார்த்தசாரதிக்கும் 7 ஆண்டு தடையும், மொத்தம் ரூ.21 கோடி அபராதமும் விதித்தது செபி. 'அதுல நமக்கு எவ்வளவு வரும்?' என்று கேட்கத் தோன்றும். ஒரு ரூபாய்கூட வராது. செபி வசூலிக்கும் அபராதம் மத்திய அரசின் தொகுப்பு நிதிக்குப் போகிறது. செபியில் புகார் கொடுத்தாலே பணம் வந்துவிடும் என்று பலரும் நினைப்பது தப்பு. தண்டனை ஒரு பாதை, பணத்தை மீட்பது வேறு பாதை.

பணத்துக்கு எங்கே போவது?

முதலில் புரோக்கருக்கே இமெயிலில் புகார் அனுப்ப வேண்டும். போனில் திட்டியது எதுவும் ஆதாரமாகாது. சரியான பதில் வரவில்லை என்றால் செபியின் 'ஸ்கோர்ஸ்' தளம். நிறுவனம் 21 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். சம்பவம் நடந்த ஓராண்டுக்குள் இங்கே வந்துவிட வேண்டும் என்பதை மறக்கக்கூடாது.

அதிலும் திருப்தி இல்லையா? 2023-ல் வந்த 'ஸ்மார்ட் ஓடிஆர்' இருக்கிறது. மும்பைக்கு அலைய வேண்டாம், சத்தியில் உட்கார்ந்தபடி வீடியோ காலில் பேசலாம். முதல் கட்டம் சமரசம். 21 நாட்களில் முடிக்கப் பார்ப்பார்கள். ஒத்துவராவிட்டால் ஆர்பிட்ரேஷன், அதற்குக் கட்டணம் உண்டு. இங்கே முதலீட்டாளருக்குச் சாதகமான ஒரு விதி இருக்கிறது: தோற்ற நிறுவனம் கோர்ட்டுக்குப் போக நினைத்தால், தீர்ப்புத் தொகையில் 75 சதவீதத்தை முதலில் டெபாசிட் செய்ய வேண்டும். சும்மா இழுத்தடிக்கவே அப்பீல் போவதற்கு இது ஒரு கடிவாளம்.

கான்ட்ராக்ட் நோட், வங்கி ஸ்டேட்மென்ட், டீமேட் ஸ்டேட்மென்ட், பங்குச் சந்தை அனுப்பிய எஸ்எம்எஸ் என ஒன்றையும் அழிக்காதீர்கள். "இந்த டிரேடை நான் சொல்லவே இல்லை" என்று வாதாடும்போது இவைதான் பேசும்.

ஏஜென்ட்டுக்கு ஜிபே செய்தவர்?

இவர் பாடு கஷ்டம்தான். 'ஆதரைஸ்டு பெர்சன்' எனப்படும் ஏஜென்ட், வாடிக்கையாளர் பணத்தைத் தன் பெயரில் வாங்கவே கூடாது. அவர் செய்ததற்கு நிறுவனமும் பொறுப்பு என்று வாதிடலாம். ஆனால் 'உறுதியான லாபம்' என்று சொல்லி வாங்கிய பணத்துக்குப் பாதுகாப்பு நிதி இழப்பீடு தராது. மீதி இருப்பது போலீஸ். மாவட்டப் பொருளாதாரக் குற்றப்பிரிவும், டெபாசிட் மோசடிகளுக்கான 1997-ம் ஆண்டு தமிழகச் சட்டமும் (டான்பிட்) உண்டு; கோவையில் அதற்கென்றே சிறப்பு நீதிமன்றம் இயங்குகிறது. அந்தப் பாதை எவ்வளவு நீளம் என்பது திருப்பூர்க்காரர்களுக்குத் தெரியும். 2009-ல் வெடித்த பாசி நிதி நிறுவன வழக்கில் 27 ஆண்டு சிறைத் தீர்ப்பு வந்தது 2022 ஆகஸ்டில்!

போலி டிரேடிங் ஆப்பில் பணம் போனால் கதை வேறு. அங்கே புரோக்கரே கிடையாது. உடனே 1930-க்கு அழைக்க வேண்டும். தாமதமாகும் ஒவ்வொரு மணி நேரத்திலும் பணம் கணக்கு கணக்காகத் தாவிக்கொண்டே இருக்கும்.

கார்விக்குப் பிறகு மாறியது என்ன?

ஷேரை அடகு வைக்க இப்போது உங்கள் ஓடிபி வேண்டும். பழைய பவர் ஆஃப் அட்டர்னிக்குப் பதிலாக, குறைந்த அதிகாரம் மட்டும் தரும் 'டிடிபிஐ' படிவம் 2022-ல் வந்தது. வாங்கிய ஷேர் நேராக டீமேட்டுக்கே வருகிறது. பல வருஷத்துக்கு முன் கணக்குத் தொடங்கியவர்கள், அப்போது எதில் கையெழுத்துப் போட்டோம் என்று ஒருமுறை எடுத்துப் பார்ப்பது நல்லது.

வக்கீல் ஃபீஸுக்கு வழி இல்லையே?

ஸ்கோர்ஸுக்கும் சமரசக் கட்டத்துக்கும் வக்கீல் தேவையே இல்லை. செபி ஹெல்ப்லைன் 1800 266 7575-ல் தமிழிலும் பேசலாம். வழக்கு என்று போனால், தாலுகா, மாவட்ட அளவிலான சட்டப்பணிகள் குழுக்கள் இலவசமாக வக்கீல் ஏற்பாடு செய்யும். ஆண்களுக்குப் பொதுவாக வருமான வரம்பு பார்ப்பார்கள். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இந்த உதவி உண்டு. வீட்டுக்காரர் பெயரில் இல்லாமல் மனைவி பெயரில் டீமேட் இருந்து ஏமாந்திருந்தால், அவரே நேரில் போய் மனு கொடுக்கலாம். விவரம் கேட்க 15100.